சடங்கு வீட்டு மௌனம்

பெண்பிள்ளை பெரியவளானதும் நாம் ஊருக்கே அறிவிக்கிறோம். பந்தலிட்டு, மேளம் பிடித்து, பால் அறுகு வைத்து நீராட்டுகிறோம். கடன்பட்டேனும் செய்கிறோம். சீதனச் சந்தைக்குப் பண்டம் வந்துவிட்டதென்று விளம்பரஞ் செய்ய வேண்டுமல்லவா? ஆனால், தன் உடலில் நிகழ்ந்தது யாதென அப்பிள்ளைக்கு உரைப்பார் இலர். என் மாணவி ஒருத்தி, கொடிய நோயொன்று தனக்கு வந்துவிட்டதென்றெண்ணி இரண்டு நாள் ஒளிந்து அழுதிருக்கிறாள்.

“இவற்றைப் பேசுதல் நமது பண்பாடன்று” என்பர். எவரது பண்பாடு? தொல்காப்பியர் களவுக்குத் தனியோர் இயலே வகுத்தார். அந்தப் பொருளதிகாரத்தை 1885இல் அச்சேற்றியவர் நமது சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை. வள்ளுவர் காமத்துப்பாலுக்கு 250 குறள்களை ஒதுக்கினார். பரீட்சைக்காகக் களவொழுக்கத்தை மனனஞ் செய்யலாம். வீட்டில் மட்டும் வாய் திறக்கலாகாதாம்!

16 வயதுக்குட்பட்ட சிறுமியுடன் உறவுகொள்வது, அவள் இசைந்தாலும், வன்புணர்வே என 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. சட்டம் உண்டு, முறையிடச் சொல் எங்கே? தன் உறுப்பின் பெயர் “சீ” என்றே பழகிய குழந்தை, மாமன் முறையான ஒருவன் கைவைத்தால் அதனை எச்சொல்லாற் தாயிடம் உரைக்கும்?

ஐந்து வயதுப் பிள்ளை, “தம்பி எங்கிருந்து வந்தான்?” என்று கேட்கும். “ஆஸ்பத்திரியில் வாங்கினோம்” என்னும் பொய் எதற்கு? அம்மாவின் வயிற்றினுள்ளே கருப்பை என்றோர் இடமுண்டு, அங்கே வளர்ந்தான் என்றால் அதற்குப் போதும். மீதியைப் பத்து வயதில் அதுவே கேட்கும். அப்போது தந்தையார் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டால், மகன் கைபேசியிடம் கேட்பான்; அது சொல்லும் விடையை நாம் அறிவோம்.