அண்மையும் சேய்மையும்

அகரம் சேய்மையையும், இகரம் அண்மையையும், உகரம் அவ்விரண்டிற்கும் இடைப்பட்டதையும் சுட்டும் என்பது இலக்கணம் கற்கும் மாணவர் அறிந்ததே. 'உது' என்னுஞ் சொல் தமிழகத்துப் பேச்சில் அருகிவிட்டது. யாழ்ப்பாணத்தார் நாவில் இன்றும் வழங்குகின்றது. பலாலியில் நின்று நோக்கும் நமக்குத் திருச்சிராப்பள்ளி அதுவோ, இதுவோ, உதுவோ என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

முதற்கண் தூரத்தை நோக்குவோம். பலாலிக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் இடையே வான்வழி ஏறத்தாழ 185 கிலோமீற்றர். சென்னைக்கு ஏறத்தாழ 355. இரத்மலானைக்கு ஏறத்தாழ 330. ஆகவே, தலைநகரினும் திருச்சியே நமக்கு அணித்து.

காலமோ வேறு கணக்கு. இவ்வழியிற் பறக்கும் ஏ.ரி.ஆர். விமானத்தின் விரைவு மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர். அதன்படி திருச்சிக்கு 22 நிமிடமும், சென்னைக்கு 43 நிமிடமுமே போதும். நேர அட்டவணையோ முன்னதற்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலமும், பின்னதற்கு ஒன்றேகால் மணித்தியாலமும் விதிக்கின்றது. தூரம் இருமடங்காகியும் காலம் சிறிதே மிகுவானேன்? தரையில் ஊர்தலும், மேலெழுதலும், ஓடுபாதைக்கு நேர்ப்பட்டு இறங்குதலும் குறும்பயணத்துக்கும் நெடும்பயணத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே. குறுவழியிற் பறத்தலினும் புறப்பாடும் சேர்தலுமே காலத்தை விழுங்குகின்றன. சுங்கத்துக்கும் குடிவரவுக்கும் காத்திருக்கும் நேரம் இதற்குப் புறம்பு.

இனி, வழி நிலைத்து நிற்றலே தூரத்தினும் பெரிது என்பதை வரலாறு காட்டும். 1947 டிசம்பர் 10இல் எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னை சென்றது. போர்க்காலத்தில் அவ்வழி இருக்கவில்லை. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் நின்ற அது, 2022 டிசம்பரிலேயே மீண்டது. திருச்சிச் சேவை 2025 மார்ச்சில் வந்தது. இடையில் நின்ற இரண்டரை ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தில், சென்னை செல்வோர் தரைவழியே தெற்கு நோக்கிக் கட்டுநாயக்கா சென்று, அங்கிருந்து வடக்கே 645 கிலோமீற்றர் பறக்க வேண்டியிருந்தது. 355 என்பது ஏறத்தாழ ஆயிரமாயிற்று! நிலமும் கடலும் இடம்பெயரவில்லை. வழி அடைபட்டமையே சேய்மையை உண்டாக்கிற்று.

இவ்வழியால் மாணவருக்கு ஆகும் பயன் பெரிது. தஞ்சைச் சரசுவதி மகாலின் ஏட்டுச்சுவடிகளைக் காண விழையும் ஆராய்ச்சி மாணவன், காலையிற் பலாலிக்குப் புறப்பட்டால் மாலையில் தஞ்சையை அடையலாம். 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னை சென்ற நாவலர் பெருமானுக்கு இவ்வசதி இருந்ததில்லை. ஆயினும், பயணச்சீட்டின் விலை ஆசிரியனுக்கும் மாணவனுக்கும் எட்டாதாயின், அட்டவணையில் உள்ள ஒரு மணித்தியாலம் அவர்க்கு எழுத்தளவில் நிற்பதேயாம்.

பிறிதொன்றையும் மறைத்தல் தகாது. பெரிய விமானங்கள் இறங்க ஓடுபாதை நீளவேண்டும். அதற்கு நிலம் வேண்டும். அந்நிலத்தைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் பெயர்ந்தவர்கள். அவர்தம் காணிகள் முழுவதும் இன்னும் விடுவிக்கப்படவில்லை. சில கிலோமீற்றருக்கு அப்பால் இருந்துகொண்டு தம் வளவை மிதிக்க இயலாதாருக்குத் திருச்சியினும் தம் வீடே சேயது. அவர் இசைவும் உரிய ஈடும் இன்றி ஓடுபாதையை நீட்டுதல் அறமாகாது.

ஆதலின், திருச்சியை இன்று 'இது' என்று கூற என் மனம் ஒருப்படவில்லை. 'அது' என்றலும் பொருந்தாது. 'உது' என்பதே தக்கது. அதனை 'இது' ஆக்க வல்லன மூன்று: இடையறாச் சேவை, எளியோர்க்கு ஏற்ற கட்டணம், நிலத்தை இழந்தோர்க்கு நீதி.