தெரியாமலா போடுகிறோம்?

192 பெண்கள், 3139 கோலங்கள். என்-ஹான் டிரான், டிமத்தி வேரிங் உள்ளிட்ட நால்வர் 2021இல் வெளியிட்ட ஆய்வின் கணக்கு இது. சிறிய கோலமோ பெரிய கோலமோ, அதன் சிக்கல் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது என்று கண்டிருக்கிறார்கள். எத்தனை வகை வளைவுகள் வருகின்றன, அவை எவ்வளவு சமமாகக் கலந்து வருகின்றன என்ற இரண்டில் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைத்துச் சரிக்கட்டுகிறோமாம். திறமை, ஈடுபாடு, கிடைக்கும் நேரம், மனித நினைவாற்றலின் எல்லை ஆகியவைதான் காரணமாக இருக்கும் என்கிறார்கள். சாதிதான் காரணம் என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. கோலத்தைத் தங்கள் தெருவின் சொத்தாகப் பேசுகிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

ஆனால் அந்தச் சரிக்கட்டலை நாம் தன்னறிவின்றிச் செய்வதாகத் தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

விடியற்காலையில் யாரும் தகவல் கோட்பாட்டைக் கணக்கிட்டுக்கொண்டு குனிவதில்லை, சரி. சதுரங்க வீரர் மட்டும் கணக்கிடுகிறாரா? 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் நடத்திய சோதனை நினைவாற்றல் ஆய்வில் புகழ்பெற்றது. நடு ஆட்டப் பலகை ஒன்றை 5 விநாடி காட்டி மறைத்தால், தேர்ந்த வீரர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அதே கட்டங்களில் வைத்துவிடுகிறார். காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டினால் அவரும் புதியவரும் ஏறக்குறைய ஒன்றுதான். பழகிய ஆட்டத்தை அவர் கண் கொத்துக் கொத்தாக வாங்கிக்கொள்கிறது. அதுவும் அவர் யோசிக்காமல் நடப்பதுதான். அதற்கு நிபுணத்துவம் என்று பெயர். வாசலில் நடந்தால் பழக்கம்.

15 புள்ளி, 8 வரை இடுக்குப்புள்ளி என்றால் மொத்தம் 169 புள்ளிகள். சிக்குக்கோலமாக இழுத்தால் ஒரு புள்ளியும் விடுபடாமல் கம்பி புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். பாதியில் ஒரு சுழி மாறிப்போனால், அதை அழிக்காமல் எதிர்ப்பக்கத்திலும் அதே மாற்றத்தைச் செய்து, முதலிலேயே நினைத்ததுபோல முடிக்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இதில் எது தெரியாமல் நடக்கிறது?

கோலத்தின் அமைப்பைக் கணினியியலின் இலக்கண விதிகளாக கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974லேயே எழுதிக் காட்டிவிட்டார்கள். மூவரில் இருவர் பெண்கள். அரை நூற்றாண்டு கடந்தும் நம் கல்லூரிகளில் கோலம் என்பது பொங்கல் விழாப் போட்டி, பரிசு ஒரு டிபன் பாக்ஸ். (நடுவர் பெரும்பாலும் கோலப்பொடியைத் தொட்டிராத ஆண்.)

வத்தலக்குண்டிலிருந்தும் நத்தத்திலிருந்தும் பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் 'கணக்கு வராது' என்று சொல்லப்பட்டுத் தமிழ் படிக்க வந்தவர்கள். வேலை விண்ணப்பத்தில் 'திறன்கள்' என்ற இடத்தை வெறுமையாக விட்டு என்னிடம் நீட்டுகிறார்கள். கோலநோட்டு வைத்திருக்கிறாயா என்றால் சிரிக்கிறார்கள்: "அதெல்லாம் சும்மா மேடம்." எது சும்மா என்பதை அவர்களுக்கு முன்பே யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

கோலத்தைப் போற்றிப் பெண்ணை வாசலிலேயே நிறுத்திவைக்கும் பண்பாட்டுக் காவலர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம். விலக்கு நாளில் தொடாதே, தாலி அறுத்தவள் போடாதே என்ற சட்டங்களும் அதே வாசலில்தான் இருக்கின்றன. நேரத்தையும் ஒரு காரணமாக அந்த ஆய்வு சொல்கிறதே, அந்த நேரம் யாரிடம் இருக்கிறது? நூற்பாலை வேனைப் பிடிக்க ஐந்தரைக்கு ஓடுகிறவள் நாலு புள்ளி வைத்துவிட்டுப் போகிறாள். 169 புள்ளியும் அவள் தலைக்குள்தான் இருக்கிறது, வேன்தான் நிற்பதில்லை.