மகஜரில் கையெழுத்துப் போடுபவருக்குச் சாட்சியச் சட்டம் தெரிய வேண்டாமா?

குரும்பலூர் அரசு கலை அறிவியல் கல்லூரிப் பிள்ளைகளின் பையைத் திறந்தால் பாடப் புத்தகத்தோடு குரூப் 4 கையேடும் கிடக்கும். துறையூர் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அதைத்தான் புரட்டுகிறார்கள். 2018 முதல் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) வேலைக்கும் அந்தத் தேர்வுதான் வாசல். அதில் திருக்குறள் கேட்பார்கள், வட்டிக் கணக்கு கேட்பார்கள். வேலையில் சேர்ந்த பிறகு ஒருநாள் நடுராத்திரியில் ஸ்டேஷனிலிருந்து போன் வரும்: “சார், மக்காச்சோளக் காட்டுல ஒரு பாடி கிடக்கு, வந்துடுங்க.” அந்தப் பிள்ளை என்ன படித்துவிட்டு அங்கே போகும்?

நான் பெரம்பலூர் பக்கத்துக் கிராமங்களில் வி.ஏ.ஓ.வாக இருந்து ஓய்வு பெற்றவன். அடங்கல் எழுதவும் நிலம் அளக்கவும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பார்வை மகஜர் என்றால் என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கொலை நடந்த இடத்தில் கண்டதைப் பதியும் பார்வை மகஜர், பிடிபட்டவர் வாக்குமூலம் கொடுக்கையில் உடனிருப்பு, அவர் காட்டிய கருவேலங்காட்டில் அரிவாள் எடுத்ததும் கைப்பற்றுதல் மகஜர் என்று எல்லாவற்றிலும் நானும் தலையாரியும்தான் சாட்சிகள். வருடங்கள் கழித்து சம்மன் வரும். கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பிப்பார். மகஜர் யார் கையெழுத்தில் இருக்கிறது? அப்போது மணி என்ன? வெளிச்சம் எங்கிருந்து வந்தது? அரிவாளில் சீட்டு ஒட்டினீர்களா? ஒரு கேள்விக்குத் தடுமாறினாலும் மொத்த மகஜருமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இப்போது என் பேத்தி திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். அவள் புத்தகத்தை வாங்கிப் படித்தபோதுதான் நான் போட்ட கையெழுத்துகளின் எடை விளங்கியது. போலீஸிடம் ‘நான்தான் வெட்டினேன்’ என்று ஒருவர் சொன்னால் அது செல்லாது. ‘இன்ன இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறேன்’ என்று சொல்லி, அங்கே பொருளும் கிடைத்தால், அந்த அளவுக்கு மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இது. எந்த அளவுக்குச் செல்லும் என்பதற்குப் புலுகுரி கோட்டய்யா வழக்கில் பிரிவி கவுன்சில் போட்ட கோடு, 1947-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. அதுவும் அன்றைய சென்னை மாகாணத்து வழக்குதான். அதில் ஈட்டியை ஒளித்து வைத்தது ஒரு வைக்கோல் போரில். வாக்குமூலத்தின் ‘ஏற்கத்தக்க பகுதி’ என்று வழக்குகளில் தனியாகக் காட்டுவது இப்படிச் செல்லும் பகுதியைத்தான். அந்தப் பகுதிக்குக் கோர்ட்டில் உயிர் கொடுப்பவர் பெரும்பாலும் ஒரு வி.ஏ.ஓ.

இன்னொன்றும் உண்டு. குற்றவாளியே வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு வந்து ஒப்புக்கொண்டார் என்று தமிழ்நாட்டு வழக்குகளில் அடிக்கடி வரும். முன்பின் தெரியாத அதிகாரியிடம் ஒருவர் ஏன் போய்க் கொலையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கின்றன. நியாயமான கேள்விதான். அந்த வாக்குமூலத்தை எழுதி வாங்கும் இளைஞருக்கு இப்படியொரு கேள்வி காத்திருக்கிறது என்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா?

1872-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்துவிட்டது. பழைய 25, 26, 27 மூன்றும் இப்போது 23-க்குள் அடக்கம். எண் மாறியதைப் பெரிதாகப் பேசுகிறார்கள். பேத்தியும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறாள். அதைவிடப் பெரிய மாற்றம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவில் இருக்கிறது. சோதனையையும் கைப்பற்றுதலையும், சாட்சிகள் கையெழுத்துப் போடுவது உட்பட, வீடியோ எடுக்க வேண்டும். இடத்துக்கே போகாமல் ஸ்டேஷனில் உட்கார்ந்து போடும் கையெழுத்துக்கு இனி வழியில்லை என்று நம்புகிறேன். ஆனால் அந்த வீடியோவைக் கோர்ட்டில் காட்ட சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் ஹாஷ் மதிப்பு எழுத வேண்டும். அது என்னவென்று தாலுகா ஆபீஸில் கேட்டுப் பாருங்கள்.

சட்டக் கல்லூரியில் மட்டும் இதைச் சொல்லிக்கொடுத்தால் போதாது என்பதுதான் என் கட்சி. வக்கீலும் நீதிபதியும் சாட்சியத்தை எடைபோடுகிறவர்கள். அதை உண்டாக்குகிறவர்கள் வி.ஏ.ஓ., காவலர், நர்ஸ், சிசிடிவி வைத்திருக்கும் கடைக்காரர். இவர்களில் பலர் குரும்பலூர் மாதிரிக் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள். எனவே அந்தக் கல்லூரிகளுக்குரிய பாரதிதாசன் பல்கலைக்கழகம் எந்தப் பட்டப்படிப்புக்கும் பொதுவாக, தமிழிலேயே, ஒரு பருவத்துக்குச் சாட்சியச் சட்ட விருப்பப் பாடம் வைக்கட்டும். பழைய மகஜர்களைப் பெயர் நீக்கிக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். பெரம்பலூர் நீதிமன்றத்தில் ஒரு நாள் குறுக்கு விசாரணையைப் பார்க்க அனுப்பட்டும். பாடம் எடுக்க ஆள் இல்லை என்றால் ஓய்வு பெற்ற கோர்ட் ஊழியர்களைக் கூப்பிடலாம். நானும் வருகிறேன், பஸ் செலவுகூட வேண்டாம்.