அந்த நம்பரை உங்களுக்கு யார் தந்தது?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்காகக் கடைக் கதவை இழுத்துக்கொண்டிருக்கும்போது கையடக்கத் தொலைபேசி அடித்தது. எடுத்தால் ஓர் இளம்பெண்ணின் குரல். சிங்களத்தில், மிக மரியாதையாக, என் பெயரைச் சொல்லி அழைத்து, எனக்கென்று ஒரு கடன் அட்டை தயாராக இருப்பதாகச் சொன்னார். நான் கடன் அட்டை பாவிப்பவன் அல்ல. வட்டியோடு சம்பந்தப்பட்டது என்று ஒதுங்கியிருப்பவன். அதை விளக்கப் போனால் குத்பா முடிந்துவிடும் என்பதால் ஒன்றை மட்டும் கேட்டேன்.

"மகள், இந்த நம்பரை உங்களுக்கு யார் தந்தது?"

"சிஸ்டத்தில் இருக்கிறது, சேர்."

அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமில்லை. யாரோ கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இத்தனை பேரோடு பேசவேண்டும் என்ற கட்டளைக்குக் கீழ்ப்படியும் பிள்ளை அது. ஆனால் என் காதில் ஒரு விஷயம் விழுந்தது. அவர் என் பெயரை ஓர் எழுத்துப் பிசகாகச் சொன்னார். அந்தப் பிசகு எனக்குப் பழக்கமானது. சில வருடங்களுக்கு முன் வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்கிய கடையில், சீட்டிழுப்புக்கென்று ஒரு கூப்பனை நிரப்பச் சொன்னார்கள். மூக்குக்கண்ணாடி கையில் இல்லாததால் அங்கே நின்ற விற்பனைப் பெண்ணிடம் சொல்லி எழுதுவித்தேன். அவர் அன்று விட்ட பிழைதான் அது. அதற்குப் பிறகு காப்புறுதிக்காரர், காணி விற்பவர், ஹோட்டல் அங்கத்துவம் தருகிறேன் என்பவர் என்று எவர் அழைத்தாலும் அந்தப் பிழையோடுதான் அழைக்கிறார்கள். என் பெயர் அந்தக் கூப்பனிலிருந்து புறப்பட்டு எத்தனை கை மாறியிருக்கிறது என்று பாருங்கள். சீட்டிழுப்பில் எனக்கு ஒரு தேக்கரண்டிகூட விழவில்லை என்பது வேறு கதை.

இதை எழுதி, "என்ன அநியாயம்!" என்று கேட்டுவிட்டு முடித்திருந்தால் வாசகர்கள் தலையாட்டியிருப்பீர்கள். ஆனால் என் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாள் வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம், ஒரு தம்பி கடைக்கு வந்தார். நல்ல உடுப்பு, கையில் ஒரு பென்டிரைவ். எங்கள் மாவட்டத்துத் தொலைபேசி இலக்கங்கள் ஆயிரக்கணக்கில் அதில் இருப்பதாகவும், ஊர் ஊராகப் பிரித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். விலையும் பெரிதில்லை. புடைவைக் கடை வைத்திருப்பவனுக்குப் பெருநாளுக்கு முந்திய இரண்டு வாரம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எதிர்க் கடையில் கூட்டம் நிறைகிறது, நம் கடையில் பையன் விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். வாங்கினேன். இந்த இலக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெருநாள் வாழ்த்தும் கழிவு விலை அறிவிப்பும் சேர்த்து ஒரு குறுஞ்செய்தி எல்லோருக்கும் போனது.

மறுநாள் அஸருக்குப் பிறகு ஒருவர் கடைக்கு வந்தார். எனக்கு முகம் தெரிந்தவர், ஆனால் நெருக்கமில்லை. சத்தம் போடவில்லை. கல்லாவுக்கு அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்: "ஹாஜியார், என் மகளின் நம்பர் உங்கள் கடைக்கு எப்படி வந்தது? அவள் இந்தக் கடைக்கு வந்ததே இல்லையே?"

அவருடைய மகள் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை. அந்த இலக்கம் வீட்டாரையும் சில கூட்டாளிகளையும் தவிர எவருக்கும் தெரியாது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தொலைபேசி அட்டை மீள்நிரப்பும் இடமோ, டியூஷன் வகுப்போ, எங்கோ ஓர் இடத்தில் எழுதிக் கொடுத்தது பட்டியலில் ஏறி, விலைக்கு வந்து, என் கையில் இருக்கிறது. என்னிடம் இருந்தால் வேறு எவனிடமெல்லாம் இருக்கும்? அவர் கேட்க வந்தது அதைத்தான். என்னிடம் பதில் இருக்கவில்லை. "சிஸ்டத்தில் இருக்கிறது" என்று சொல்லக்கூட என்னிடம் ஒரு சிஸ்டம் இருக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதற்குப் பிறகுதான் தேடிப் பார்த்தேன். அதற்கு முதல் நம் வர்த்தகர்கள் நன்றாக அறிந்த இன்னொரு சட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது. அமெரிக்காவோடு 1991இல் நம் நாடு செய்த உடன்படிக்கையும், 1995இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது ஏற்றுக்கொண்ட கடப்பாடுகளும் அதற்குப் பின்னால் இருந்தன. அது வந்த காலத்தில் நானும் திட்டியவர்களில் ஒருவன்தான். நூறு ரூபா இறுவட்டில் ஓடிக்கொண்டிருந்த மென்பொருளுக்கு அமெரிக்க டொலர் கணக்கில் விலை கேட்கிறார்களே, அங்கே சம்பாதிப்பவனுக்கும் இங்கே சம்பாதிப்பவனுக்கும் ஒரே விலையா என்று கேட்டேன். அந்தக் கேள்வி இன்றும் என்னிடம் இருக்கிறது. அதற்கு எவரும் ஒழுங்கான பதில் சொன்னதில்லை.

ஆனால் சட்டத்தின் பல் எங்கே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இறுவட்டை விற்பவனைத்தான் பிடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சட்டத்தின் 178ஆம் பிரிவு, உரிமமில்லாத மென்பொருளைத் தன் வியாபாரத்தில் இலாபத்துக்காகப் பாவிப்பவனையும் குற்றவாளி என்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். திரும்பவும் பிடிபட்டால் இரட்டிப்பு. "எனக்குத் தெரியாது" என்றால் விடுவார்களா? தெரிந்திருக்க நியாயமான காரணம் இருந்தாலே போதும் என்கிறது சட்டம். மார்க்கர் பேனையால் பெயர் எழுதிய இறுவட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெரியாது என்று எந்த வாயால் சொல்வது?

என் நண்பர் ஒருவருக்கு இப்படி ஒரு சட்டத்தரணியின் கடிதம் வந்தது. அவர் கணினிகளை வாங்கிய கடையின் பில்லில் "மென்பொருள் உட்பட" என்று இருந்தது. அந்தக் கடைக்காரர் அதற்குள் கடையை மூடிவிட்டார். நண்பர் உரிமங்களை முறைப்படி வாங்கி விஷயத்தை முடித்தார். அல்ஹம்துலில்லாஹ், வழக்குக்குப் போகவில்லை. இரண்டு இரவு தூங்கவில்லை என்று சொன்னார்.

இந்த இடத்தில் நம்மவர்கள் சொல்லும் ஒரு நியாயம் உண்டு. "பெரிய கம்பனிக்கு நம்மால் என்ன நட்டம்?" மார்க்கத்தில் இதற்கு இடமில்லை. ஓ.ஐ.சி.யின் கீழ் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோதே, வர்த்தகப் பெயர், வர்த்தகச் சின்னம், நூலாசிரியரின் உரிமை, கண்டுபிடிப்புரிமை ஆகியவை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்துவிட்டது. கம்பனி பெரிதா சிறிதா, முதலாளி எந்த மதம் என்று அந்தத் தீர்மானம் பிரித்துப் பார்க்கவில்லை. நம் சொந்த லேபலை இன்னொருவன் அச்சடித்து மட்டமான சாரத்தில் ஒட்டி விற்றால் நாம் எப்படிக் கொதிக்கிறோம்? நம் ஊர் ஆலிம் ஒருவர் வருடக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய புத்தகத்தைப் போட்டோகொப்பி அடித்து விற்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால் "தஃவா" என்கிறார்கள்.

வழியும் இல்லாமல் இல்லை. என் கடையில் கடிதத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஒபிஸ்தான் ஓடுகிறது. காசு கொடுக்கத் தேவையில்லை, களவும் இல்லை. பில் போடும் மென்பொருளை உள்ளூர்ப் பையன் ஒருவரிடம் காசு கொடுத்துச் செய்வித்தேன். பழுது வந்தால் அவர் நேரில் வருகிறார்.

சரி, நம்பர் விஷயத்துக்கு வருவோம். நம் நாட்டில் மென்பொருளுக்கு வேலி போட்ட அதே 2003ஆம் ஆண்டில், அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? "எனக்கு விற்பனை அழைப்பு வேண்டாம்" என்று பொதுமக்கள் தங்கள் இலக்கத்தைப் பதியும் தேசியப் பதிவேடு திறக்கப்பட்டது. பதிந்த இலக்கத்துக்கு அழைத்தால் தண்டம். இந்தியாவும் 2007இல் அப்படியொன்றைத் தொடங்கியது. அங்கே அழைப்புகள் முழுதாக நின்றுவிட்டன என்று நான் சொல்லவரவில்லை. தன் கம்பனிகளின் சொத்தைக் காக்க வெளிநாடுகளை நெருக்கிய நாடு, தன் ஜனங்களின் தொலைபேசிக்கும் ஒரு கதவு போட்டது. நாம் முதலாவதை அன்றே எடுத்துக்கொண்டோம். இரண்டாவது நம் நினைவுக்கு வரப் பல வருடங்கள் ஆயின.

2022ஆம் ஆண்டில் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதை வாசித்துப் பார்த்தேன், நல்ல சட்டம். ஒருவர் சம்மதம் தந்தால் மட்டுமே அவருக்கு விளம்பரச் செய்தி அனுப்பலாம். இலக்கத்தை வாங்கும்போதும், அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும், "வேண்டாம் என்றால் இப்படி நிறுத்தலாம்" என்று சொல்லவேண்டும். நிறுத்துவதற்குக் காசு பிடிக்கக் கூடாது. மீறி நடந்தால் ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கலாம் என்று அன்று எழுதப்பட்டது. ஆனால் அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச்சில் அமுலுக்கு வரவேண்டியிருந்த நேரத்தில், திருத்தம் தேவை என்று ஒத்திவைக்கப்பட்டன. மென்பொருள் கம்பனிகளுக்கான சட்டம் வந்தபோது இப்படி எவரும் அவகாசம் கேட்டுத் தரவில்லை. மகளின் நம்பருக்காக என் கல்லாவுக்கு முன் வந்து நின்றாரே, அவருக்காகப் பேச அமெரிக்கத் தூதரகம் வராது. அதுதான் வித்தியாசம்.

சட்டம் முழுதாக வரட்டும் பார்க்கலாம் என்று வர்த்தகர்கள் இருப்பதை நான் ஏற்கமாட்டேன். குறுஞ்செய்தியே அனுப்பாதீர்கள் என்றும் சொல்லமாட்டேன். சிறு வியாபாரிக்குப் பத்திரிகையில் முழுப்பக்கம் போட முடியாது, குறுஞ்செய்திதான் அவனுடைய விளம்பரம். இப்போது நான் செய்வது இவ்வளவுதான். பில் போடும்போது வாடிக்கையாளரிடம் வாய்விட்டுக் கேட்கிறோம்: புதுச் சரக்கு வந்தால் அறிவிக்கட்டுமா? ஆம் என்றால் அவரே கொப்பியில் எழுதுகிறார். பெண்கள் பலர் வேண்டாம் என்கிறார்கள், இரண்டாம் தரம் கேட்பதில்லை. கொப்பி கல்லா இலாச்சியில் பூட்டிக் கிடக்கும், கடைப் பையன்கள் தொடுவதில்லை. வருடத்துக்கு நான்கு செய்திக்கு மேல் போவதில்லை. பென்டிரைவில் இருந்த பட்டியலோடு பார்த்தால் கொப்பியில் இருப்பது ஒரு பிடி. ஆனால் செய்தி போன மறுநாள் கடைக்கு வருபவர்கள் அந்த ஒரு பிடியிலிருந்துதான் வருகிறார்கள். பட்டியலுக்கு அனுப்பிய அந்தப் பெருநாளில் புது முகம் ஒன்று வந்ததாக எனக்கு நினைவில்லை. கேள்வி கேட்க வந்த அந்த ஒருவரைத் தவிர.

அந்தப் பென்டிரைவை அவர் முன்னிலையிலேயே சுத்தியலால் அடித்து நொறுக்கினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தந்தவனிடம் இன்னொன்று இருக்குமே, ஹாஜியார்" என்றார்.

இருக்கும். போன ரமழானிலும் அந்தத் தம்பி எங்கள் வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினார். எங்கள் வர்த்தகர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசக் கேட்டிருக்கிறேன். அங்கத்தவர் எவரும் இலக்கப் பட்டியல் வாங்குவதில்லை, தங்களிடம் உள்ளதை விற்பதுமில்லை என்று தீர்மானம் எடுக்கவேண்டும் என்பது என் கோரிக்கை. சீட்டிழுப்புக் கூப்பன் வைப்பவர்களும் அதில் அடங்கவேண்டும்.

அந்தக் குளிர்சாதனப் பெட்டிக் கடைக்கும் போனேன். என் பெயரையும் இலக்கத்தையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். முகாமையாளர் நல்ல மனிதர், தேநீர் தந்தார். கணினியில் தேடிப் பார்த்துவிட்டு அப்படி ஒரு பெயர் இல்லை என்றார். பிழையான எழுத்தோடு தேடச் சொன்னேன். உடனே வந்தது.