டாக்கோவுக்கு முன் ஒரு பிளாக் கூழ்

புதிய உணவுகளைச் சுவைத்துப் பார்க்கும் ஆசை எமது வயதினருக்கு அதிகம் என்று பெரியவர்கள் குறைப்படுவதுண்டு. அந்த ஆசை நல்லது என்றே நான் சொல்வேன். கொழும்புக்குப் போய்வந்த வகுப்புத் தோழியொருத்தி, டாக்கோ சாப்பிட்ட கதையை ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சோளமா ரொட்டியை மடித்து, உள்ளே இறைச்சியும் தக்காளியும் மிளகாயும் வைத்துத் தரும் மெக்சிக்கோ நாட்டு உணவு அது. நாங்களும் வாயூறக் கேட்டோம். அதே தோழி, சென்ற விடுமுறையில் எழுவைதீவில் ஒடியற் கூழைக் கண்டதும், “அது அவங்கட சாப்பாடு” என்று தள்ளிவைத்தாள். உலகத்தின் மறுபக்கத்து உணவுக்குத் திறக்கும் வாய் அயல்வீட்டு உணவுக்கு ஏன் மூடிக்கொள்கிறது? எனது கேள்வி இதுதான்.

மெக்சிக்கோவைத் தேடிக் கொழும்புக்குப் போகவும் தேவையில்லை. எமது குசினியில் அது எப்போதோ வந்து குந்திவிட்டது. மிளகாய் அந்நாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கிய செடி. 1492இல் கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த பின்னர்தான் அது கடல் கடந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரின் கப்பல்களில் எமது பக்கம் வந்தது. அதுவரை எமது கறிகளுக்கு உறைப்புத் தந்தது மிளகு. புதிதாக வந்த காய்க்கும் மிளகின் பெயரையே ஒட்டி மிளகாய் என்றார்கள். இன்று மிளகாய்த்தூள் இல்லாத யாழ்ப்பாணத்துக் கறி உண்டா? கூழில் போடும் மரவள்ளிக் கிழங்கும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. “அவங்கட சாப்பாடு” என்று அன்றைய மூதாட்டிகள் மிளகாயைத் தள்ளிவைத்திருந்தால் எமது கதி என்னவாகியிருக்கும்!

எழுவைதீவு, ஊர்காவற்றுறையிலிருந்து படகில் போகவேண்டிய சிறு தீவு. பனையும் கடலும்தான் அங்கே செல்வம். கூழ் அவை இரண்டும் ஒரு பானையில் சேர்வது. டியூஷன் தோழியின் அம்மம்மா வீட்டுக்கு உம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவை அம்மம்மா தண்ணீரில் ஊறவிட்டு, கசப்புப் போகத் தண்ணீரை மாற்றினார். பானையில் மீன், இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் அவிந்தபின் அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்த மாவும் சேர்ந்தன. வளவுப் பனையில் வெட்டிய ஓலையை மடித்துப் பிளா செய்து அதில் ஊற்றித் தந்தார். முதல் வாய் பிடிக்கவில்லை. மாவின் மணம் எனக்குப் பழக்கமில்லாதது. இரண்டாவது வாயில் புளியும் உறைப்பும் தெரிந்தன. மூன்றாவது பிளாவை நானே நீட்டினேன்.

தோழியின் தயக்கத்துக்கு மார்க்கம் ஒரு காரணமாக இருக்கலாம். அதை நான் இலேசாக எடுக்கவில்லை. ஆனால் இங்கே அது பொருந்துமா? டாக்கோ என்றால் இறைச்சி எப்படி அறுக்கப்பட்டது என்று கேட்கவேண்டும். கூழில் இருப்பது மீன். மீனுக்கு அறுப்பு இல்லை. நண்டு பற்றி எமது வீடுகளில் வேறுவேறு கருத்துகள் உண்டு. வேண்டாதவர்கள் சொன்னால் போதும், நண்டில்லாமலும் கூழ் காய்ச்சலாம். அம்மம்மா முதலில் கேட்டதே அதைத்தான். பிளாவில் கள்ளுக் குடிப்பார்களே என்று ஒருத்தி கேட்டாள். எங்களுக்குத் தந்தது அப்போது வெட்டிய பச்சை ஓலை, குடித்ததும் எறிந்துவிட்டோம். அதே பனையின் நீரைச் சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கினால் புளிக்காது. அதைக் காய்ச்சித்தான் பனங்கட்டி செய்கிறார்கள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் தேநீர் குடிக்கிறோமே.

உண்மையான காரணம் வேறு என்று நினைக்கிறேன். 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் போனார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் தங்கினர். வீடும் கடையும் போனதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அயல்வீட்டுப் பானையில் என்ன வேகிறது என்று மணத்தை வைத்துச் சொல்லும் பழக்கம் போனதை யார் எழுதினார்கள்? என் உம்மும்மாவுக்குக் கூழ் “அவங்கட சாப்பாடு” அல்ல. அயலில் காய்ச்சினால் அவருக்கும் ஒரு சட்டி வரும், நோன்புக் கஞ்சி இங்கிருந்து அங்கே போகும். புத்தளத்தில் பிறந்த உம்மாவுக்கு அது கதை மட்டும். எழுவைதீவில் உம்மாவும் முதன்முறையாகத்தான் குடித்தார். ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது அம்மம்மாவிடம் ஒரு பை ஒடியல் மா கேட்டு வாங்கிக்கொண்டார்.

எமது கல்லூரியில் மனையியல் தினத்துக்கு வருடாவருடம் பீட்சாவும் கேக்கும் செய்கிறோம். இவ்வருடம் யாராவது டாக்கோ செய்யட்டும். நானும் வரிசையில் நிற்பேன். பக்கத்து அடுப்பில் ஒரு பெரிய பானை கூழும் கொதிக்கட்டும். டியூஷன் தோழியையும் அவளது அம்மம்மாவையும் அழைக்கலாம். நண்டு போடுவதா இல்லையா என்பதை அன்று காலையில் பார்த்துக்கொள்வோம்.