ஒன்பதாம் எண் சட்டை யாருக்கு?

2025 நவம்பர் 18 இரவு டாக்காவில் வங்கதேசத்திடம் இந்தியா 0-1 என்று தோற்றது. ஹாங்காங்கிடமும் சிங்கப்பூரிடமும் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு ஏற்கெனவே போயிருந்தது. மறுநாள் காலை கல்கத்தாவின் பாலிகஞ்சில் எங்கள் தெருமுனை டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு கரியாஹாட் மார்க்கெட்டுக்குக் கிளம்பியவர்கள்கூட நின்று, ஆளுக்கொரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். எல்லாரும் சொன்ன வைத்தியம் ஒன்றே: லீக்கில் வெளிநாட்டவரைக் குறை, முடிந்தால் அடியோடு நிறுத்து, நம் பையன்கள் தானாக மேலே வருவார்கள்.

இது டீக்கடையோடு நிற்கிற பேச்சு இல்லை. 1898-ல் தொடங்கிய கல்கத்தா கால்பந்து லீக்கின் பிரிமியர் டிவிஷனில் வெளிநாட்டவர் ஆடவே கூடாது என்று, வங்காளக் கால்பந்தை நடத்தும் ஐ.எஃப்.ஏ. 2023-ல் முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு ‘பூமிபுத்ர’ விதி வந்தது. களத்தில் இத்தனை பேர் வங்காளத்துக்காரராக இருந்தே தீர வேண்டும் என்பது அதன் சாரம். இதைக் கேட்கிறவர்கள் கால்பந்தை உயிராக நேசிப்பவர்கள். அந்த நேசத்தை மதிக்கிறேன். ஆனால் அவர்கள் காட்டும் வழி தவறு. பையன்களின் இடத்தைப் பறித்தது யார் என்பதிலேயே அவர்கள் கணக்கு பிசகுகிறது.

முதல் வாதத்தை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டவர் குறைந்தால் இந்திய அணி உயரும் என்கிறார்கள். இது நாம் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்ட சோதனை. 2014-ல் ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது களத்தில் 6 வெளிநாட்டவர் வரை ஆடலாம். 2017-ல் அது 5 ஆனது. 2021-ல் 4 ஆனது. 2017 ஜூலையில் ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 96-வது இடத்தில் இருந்தது. டாக்கா தோல்விக்குப் பிறகு வந்த பட்டியலில் 142. வெளிநாட்டவரைக் குறைத்ததால்தான் சரிந்தோம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நானும் அதே தவறைச் செய்தவனாவேன். குறைத்துப் பார்த்தும் உயரவில்லை என்பது மட்டும் எல்லார் கண்முன்னும் இருக்கிறது.

இரண்டாவது வாதம் இதைவிடக் கனமானது. ஐ.எஸ்.எல். தொடங்கியதிலிருந்து 2024-25 வரை அதிக கோல் அடித்தவருக்கான விருதை ஒரு இந்தியர்கூட வாங்கியதில்லை. முதல் ஆண்டில் எலானோ, பிறகு கோரோ, ஒக்பெச்சே, தியேகோ மவுரிசியோ, தியாமந்தாகோஸ். 2024-25-ல் மொராக்கோவின் அஜராய் ஒருவரே 23 கோல். நடு முன்களத்தில் இந்தியனுக்கு இடமே இல்லை என்கிறார்கள். உண்மைதான். இந்த உண்மை எவ்வளவு தூரம் கீழே இறங்கியிருக்கிறது என்பதையும் நேரில் பார்த்திருக்கிறேன்.

பாலிகஞ்ச் ஸ்டேஷனில் காலை கேனிங் லோக்கல் வந்து நிற்கும்போது, மீன் கூடைகளுக்கும் வீட்டுவேலைக்கு வரும் பெண்களுக்கும் நடுவே பூட்ஸை லேஸ் முடிச்சில் தோளில் தொங்கவிட்ட பையன்கள் இறங்குவார்கள். அவர்களில் ஒருவனோடு பேச்சுப் பழக்கம் ஏற்பட்டது. வயது பதினாறு. ஊரில் செண்டர் ஃபார்வர்டு. இங்கே பயிற்சிக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே அவனை வலது ஓரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். “காக்கு, ஒன்பதாம் நம்பர் எப்படியும் பிதேஷிக்குத்தான். ஓரத்தில் ஓடக் கற்றுக்கொண்டால் எந்த டீமாவது எடுக்கும்னு சார் சொன்னார்” என்றான். அவன் முகத்தில் வருத்தம்கூட இல்லை. மழை பெய்தால் குடை பிடிக்கிற மாதிரி அதை ஏற்றுக்கொண்டிருந்தான்.

அன்று முழுக்க அந்தப் பதில் மனதை விட்டுப் போகவில்லை. ஆனால் இதற்கு எண்ணிக்கை வரம்பு மருந்தாகுமா? ஆறு பேரை வைத்துக்கொள்ளலாம் என்றால் ஒரு கிளப் அவர்களைக் களமெங்கும் பரப்பும். நாலு பேர்தான் என்றால் எங்கே நிறுத்தும்? பின்னால் ஒரு ஸ்டாப்பர், நடுவில் இருவர், முன்னால் கோல் அடிப்பவர். இரண்டே பேர் என்று சுருக்கினாலும் அதில் ஒருவருக்குக் கட்டாயம் ஒன்பதாம் எண் சட்டை போகும். வரம்பை எவ்வளவு இறுக்கினாலும் கடைசியாகக் காலியாகும் இடம் அந்தச் செண்டர் ஃபார்வர்டு இடம்தான். கேனிங் பையனுக்கு அந்த விதி பத்துப் பைசா உதவாது.

சரி, ஒருவரும் வேண்டாம், பூஜ்யம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அவன் யாரை எதிர்த்து வளர்வான்? 1997 ஜூலை 13, சால்ட் லேக் மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். மோகன் பாகான் முன்களத்தில் நைஜீரியாவின் சீமா ஒகேரி. அந்த அணியின் ஒரே கோலும் அவருடையது. எதிரே ஈஸ்ட் பெங்காலில் சிக்கிமிலிருந்து வந்த இருபது வயது பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார். ஆட்டம் 4-1. அந்தப் பிற்பகல் சீமாவின் நிழலில் பூட்டியா வாடிப்போகவில்லை. 2002-ல் சுனில் சேத்ரி தன் முதல் தொழில்முறைக் கிளப்பாக மோகன் பாகானுக்கு வந்தபோது அங்கே முன்களத்தின் ராஜா பிரேசிலின் பரேத்தோ. அந்த இடத்திலிருந்து கிளம்பியவர்தான் இந்தியாவுக்காக 90-க்கும் மேல் கோல் அடித்தார். நல்ல ஆட்டக்காரர் பக்கத்தில் நின்று கற்றது அவர்களுக்கு நஷ்டமா, லாபமா?

அடுத்து இந்த ஊர்க்காரர்கள் மார்தட்டிச் சொல்லும் வாதம்: “2023-ல் வெளிநாட்டவரை நிறுத்தினோம், 2024 டிசம்பர் 31 அன்று ஹைதராபாத்தில் கேரளத்தை 1-0 என்று வென்று வங்காளம் சந்தோஷ் டிராஃபி வாங்கியது.” அந்த வெற்றியை நானும் கொண்டாடினேன். பூர்வ பர்த்தமானிலிருந்து வந்த ரோபி ஹாஸ்தா, இறுதி ஆட்டத்தின் கோல் உட்பட அந்தப் போட்டியில் 12 கோல் அடித்தார். செண்டர் ஃபார்வர்டுக்கு இந்த மண்ணில் பஞ்சமில்லை என்று காட்டிய பையன். ஆனால் அது வங்காளத்தின் 33-வது சந்தோஷ் டிராஃபி. 1993-94 முதல் 1998-99 வரை வங்காளம் தொடர்ந்து ஆறு முறை அதை வென்றது. அந்த ஆறு ஆண்டும் கல்கத்தா லீக்கில் வெளிநாட்டவர் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். 2017-ல் 32-வது முறை வென்றபோதும் ஆடினார்கள். வெளிநாட்டவர் இருந்தபோது வந்த கோப்பைகளுக்கு ஒரு காரணம், இல்லாதபோது வந்த ஒரு கோப்பைக்கு வேறொரு காரணம் என்றால் அது எப்படிக் கணக்காகும்?

அதோடு, தடைக்குப் பிறகு அந்த லீக்கின் நிலையைப் போய்ப் பாருங்கள். பெரிய கிளப்புகள் அதற்கு இரண்டாம் வரிசை அணியைத்தான் அனுப்புகின்றன. ஆட்டங்கள் நைஹாட்டி, பாரக்பூர், கல்யாணி என்று சிதறிக் கிடக்கின்றன. மழைக்காலத்தில், வேலைநாள் பிற்பகலில், பாதிக்கு மேல் காலியான கேலரியின் முன்னால் பையன்கள் ஆடுகிறார்கள். வெளிநாட்டவர் போய்விட்டார்கள், அவர்களோடு பார்க்க வருகிற கூட்டமும் குறைந்துவிட்டது. தன்னைப் பத்துப் பேர்கூடப் பார்க்காத மைதானத்தில் பதினெட்டு வயதுப் பையனுக்குக் கிடைத்த ‘இடம்’ எந்த மாதிரி இடம்?

மழைக்காலம் முடிந்தால் அந்தப் பையன்கள் ‘கேப்’ ஆடப் போய்விடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். ஒரு பாரா கிளப் இரவுப் போட்டி நடத்தும். ஒரே ஆட்டத்துக்குக் கையில் பணம் கொடுத்து ஆட்களை இறக்கும். அதற்குப் பெயர் கேப். ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களும் வருவார்கள், நம் பையன்களும் போவார்கள். மேடு பள்ளமான மண்ணில் ஒரு இரவு ஆடினால் வீட்டுக்கு அரிசி வாங்கலாம். முழங்கால் போனால் யாரும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். கேனிங் பையனும் போகிறான். போகாதே என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனை அங்கே தள்ளியது எந்த நைஜீரியனும் இல்லை. பதின்மூன்று வயதிலிருந்து பதினெட்டு வரை ஆண்டு முழுவதும் ஒழுங்காக ஆட ஒரு வயதுப்பிரிவு லீக்கை நாம் அவனுக்குத் தரவில்லை.

“1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றபோது நம் கிளப்புகளில் வெளிநாட்டவரா இருந்தார்கள்?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். வெளியூர்க்காரர்கள் இருந்தார்களே! அந்த அணியை உருவாக்கிய ரஹீம் ஹைதராபாத்துக்காரர். கோல் காத்த பீட்டர் தங்கராஜ் மெட்ராஸ் ரெஜிமெண்டல் செண்டரில் ஆடி, பிறகு கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடியவர். அதற்கும் முன்னால், 1949 முதல் 1951 வரை மூன்று ஆண்டு தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வென்ற ஈஸ்ட் பெங்காலின் முன்களத்தை இன்றும் ‘பஞ்சபாண்டவர்’ என்று கும்பிடுகிறார்கள். வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அஹமது கான், சாலே ஆகிய ஐவரில் ஒருவரும் வங்காளி இல்லை. இன்றைய ‘பூமிபுத்ர’ விதி அன்று இருந்திருந்தால் அந்த ஐவரையும் ஒன்றாக இறக்கவே பயிற்சியாளர் யோசித்திருப்பார். நம்மூர்ப் பையன் நந்தகுமார் சேகரையே பாருங்கள். 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை டெர்பியில் சென்னையின் நந்தா அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் நாலரை ஆண்டுக்குப் பிறகு மோகன் பாகானை வென்றது. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்க வரும் தமிழர்களைவிட, அன்று அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்கள் வங்காளிகள்தான். வந்தவனைச் சொந்தமாக்கிக்கொண்டுதான் இந்த ஊர் கால்பந்தில் பெரிய ஊரானது.

மற்ற நாடுகளும் வரம்பு வைக்கின்றனவே என்பது இன்னொரு வாதம். சீனா 2017-ல் வெளிநாட்டவரைக் குறைத்து, 23 வயதுக்கு உட்பட்ட ஒருவர் கட்டாயம் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்றது. பயிற்சியாளர்கள் அந்தப் பையனைத் தொடக்கத்தில் நிறுத்தி, இடைவேளைக்கு முன்பே வெளியே எடுத்தார்கள். 2002-க்குப் பிறகு சீனா உலகக் கோப்பைப் பக்கம் வரவில்லை. ஜப்பான் லீக்கிலும் வரம்பு உண்டு, ஆனால் 5 பேர் வரை ஆடலாம்; தாய்லாந்து, வியட்நாம் போன்ற கூட்டாளி நாட்டவர் அந்தக் கணக்கிலேயே சேர மாட்டார்கள். அதோடு ஒவ்வொரு கிளப்பும் இளையோர் அணிகளை நடத்தியே ஆக வேண்டும். 1998-லிருந்து ஜப்பான் ஒரு உலகக் கோப்பையையும் தவறவிட்டதில்லை.

இதற்கெல்லாம் வெளியூர் போக வேண்டாம். 2017 அக்டோபர் 28, நம் சால்ட் லேக் மைதானம். 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். 0-2 என்று பின்தங்கிய இங்கிலாந்து, ஸ்பெயினை 5-2 என்று வென்றது. இரண்டு கோல் அடித்த ஃபில் ஃபோடன் மான்செஸ்டர் சிட்டியின் அகாடமியில் வளர்ந்தவர். உலகிலேயே வெளிநாட்டு நட்சத்திரங்கள் நிறைந்து வழியும் லீக்கின் பிள்ளைகள்தான் அன்று நம் ஊரில் கோப்பையைத் தூக்கினார்கள். அங்கேயும் விதி உண்டு. 2010 முதல் 25 பேர் அணியில் 17 பேருக்கு மேல் வெளியே வளர்ந்தவர் இருக்கக் கூடாது. ஆனால் அந்த விதி பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை. 21 வயதுக்கு முன் மூன்று பருவம் அந்நாட்டுக் கிளப்பில் வளர்ந்தானா என்று மட்டும் பார்க்கிறது. வளர்க்காத கிளப் வளர்ந்த பையனுக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் எல்லாக் கிளப்பும் வளர்க்கின்றன.

பணம் மிச்சமாகும் என்ற வாதத்துக்கு அதிக நேரம் வேண்டாம். இந்தியர் இத்தனை பேர் கட்டாயம் என்றதும், ஏற்கெனவே பெயர் வாங்கிய சில இந்தியர்களின் விலைதான் ஏறும். அந்த மிச்சம் கேனிங்குக்கு ரயில் ஏறாது.

விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பையன்களை வளர்க்கச் சொல்லும் விதி வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு கிளப்பும் தானே வளர்த்த பையன்களுக்கு ஒரு பருவத்தில் இத்தனை நிமிடம் ஆட்டம் தர வேண்டும். 13, 15, 17 வயது அணிகள் ஆண்டுக்கு முப்பது ஆட்டமாவது ஆட வேண்டும். இல்லாத கிளப்புக்கு உரிமம் கூடாது. இதற்கு மைதானம் வேண்டும், பயிற்சியாளர் வேண்டும், பஸ் வேண்டும், காசு வேண்டும். வெளிநாட்டவரைத் தடுக்க ஒரு சுற்றறிக்கை போதும்; அதனால்தான் அது முதலில் வந்தது.

கால்பந்தை நேசிக்கும் பாலிகஞ்ச் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் கிளப் நிர்வாகி எவரையாவது பார்த்தால், எத்தனை வெளிநாட்டவரை எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்காதீர்கள். உங்கள் பதினைந்து வயதுப் பையன்கள் போன வருஷம் எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.