கணக்குப் படிப்போர்க்குக் கணக்கு வேண்டாமா?

நம்மவரிடையே கணக்காளர் தொழிலுக்குப் படிக்கும் வாலிபர் இன்று பலர் உளர். உடலுழைப்பைத் தவிர வேறொன்றும் விற்க வழியின்றித் தோட்டத்திலும் துறைமுகத்திலும் காலங்கழித்தோரின் பேரப்பிள்ளைகள், கிள்ளானிலும் ஈப்போவிலும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பெரிய கம்பெனிகளின் கணக்கைச் சரிபார்க்கும் தொழிலுக்குத் தம்மைத் தகுதியாக்கிக் கொள்கின்றனர். இதனைக் கண்டு மகிழாதார் யார்? நாமும் மகிழ்கின்றோம்.

எனினும் இம்மகிழ்ச்சியோடு ஒரு துன்பமும் கூடவே வளர்ந்து வருவதைக் காண்கின்றோம். வாலிபன் இரவில் நூலின் முன் உட்காருகிறான். ஒரே பக்கத்தை மூன்று முறை படிக்கிறான். ஒன்றும் மனத்தில் ஏறவில்லை. இன்னும் எத்தனை அத்தியாயம் உண்டெனப் புரட்டிப் பார்க்கிறான், நெஞ்சு படபடக்கிறது. நூலை மூடிவிட்டுக் கைப்பேசியை எடுக்கிறான். இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. போன நேரத்தை எண்ணி உறக்கமும் போய்விடுகிறது. இந்நிலைக்குத் திணறல் என்பதே தக்க பெயர். ஆனால் நம் வீடுகளில் இதற்கு இட்டிருக்கும் பெயர் சோம்பல். அதற்கு வைத்திருக்கும் மருந்தும் ஒன்றே: "இன்னும் கூடப் படி." அந்தப் பெயரும் பொய், அந்த மருந்தும் தீங்கு என்பதே நமது கட்சி.

முதலில் சுமை இன்னதென அறிவோம். லண்டனில் 1904 ஆம் ஆண்டு எட்டுப் பேர் கூடித் தொடங்கிய சங்கமே இன்று ஏ.சி.சி.ஏ. என்னும் பெயரால் உலகெங்கும் பரீட்சை நடத்துகின்றது. மலேசியாவில் நம் பிள்ளைகள் பலரும் நாடுவது அதனையே. 2018 இல் சீர்செய்யப்பட்ட அமைப்பின்படி அதற்கு 13 தாள்கள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 50 பெற வேண்டும். மேல்நிலைத் தாள்களில் முதலாவது தேறிய நாளிலிருந்து ஏழாண்டுகளுக்குள் எஞ்சியவற்றை முடித்தாக வேண்டும். கட்டணமோ பிரிட்டிஷ் பவுனில். தவறினால் மறுபடியும் கட்ட வேண்டும். மேல்நிலைத் தாள்கள் பலவற்றில் எழுதுவோரில் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை என்பது அச்சங்கம் தவணைதோறும் தானே வெளியிடும் கணக்கால் விளங்கும்.

இத்தனையும் படிப்பவனுக்குப் பெரும்பாலும் பகலில் உத்தியோகமும் உண்டு. டிசம்பர் 31 ஆம் தேதியோடு ஆண்டுக் கணக்கை முடிக்கும் கம்பெனிகள் பல. ஆதலின் ஆண்டின் முதல் மாதங்களில் ஆடிட் அலுவலகங்களில் வேலை மலைபோல் குவிகின்றது. மார்ச் மாதத்துப் பரீட்சை அதன் நடுவே வந்து நிற்கின்றது. இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புபவனைப் பார்த்து, "அடுத்த வீட்டுப் பையன் முடித்துவிட்டானே, நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்பதில் அறிவு உளதா? அன்பாவது உளதா?

"இன்னும் கூடப் படி" என்போரை நாம் ஒன்று கேட்கின்றோம். மனிதனுடைய மூளை என்ன, கோணிப்பையா, திணிக்கத் திணிக்கக் கொள்வதற்கு? மனநூல் ஆராய்ச்சியாளர் நெல்சன் கோவன் 2001 இல் தொகுத்துக் காட்டியபடி, மனம் ஒரே சமயத்தில் ஏந்தி நிற்கக்கூடிய விஷயங்கள் ஏறத்தாழ நான்கே. முடிக்காத அத்தியாயங்கள், கட்ட வேண்டிய கட்டணம், மேலாளர் கேட்ட காகிதம், தாயின் பெருமூச்சு என்ற நான்கும் அந்த இடத்தை முன்னரே பிடித்துக்கொண்டால், வரிச்சட்டம் எங்கே நுழையும்? திணறுபவனிடம் உழைப்புக் குறைவு இல்லை. இடக் குறைவே உளது. இடமில்லாத அறைக்குள் மேலும் மூட்டைகளை அனுப்புவதா வைத்தியம்?

அன்றியும், கூடப் படித்தல் என்று இவர்கள் கருதுவது திரும்பத் திரும்பப் பக்கத்தைப் பார்ப்பதேயாம். 2006 இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் மாணாக்கரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். ஒரு சாரார் பாடத்தை மீண்டும் மீண்டும் படித்தனர். மற்றொரு சாரார் ஒருமுறை படித்துவிட்டு, நூலை மூடி, நினைவிலிருந்ததை எழுதினர். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தபோது மீண்டும் படித்தோரே முந்தினர். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதோ, நூலை மூடி எழுதியோரே அதிகம் நினைவு வைத்திருந்தனர். பரீட்சை ஐந்து நிமிஷத்தில் வருவதா, வாரங்கள் கழித்து வருவதா? இரவெல்லாம் மஞ்சள் மையால் வரிக்கு வரி கோடிட்டுக் களைத்துப்போன பிள்ளை உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவ்வுழைப்பில் பெரும்பகுதி வீணாகும்படி விட்டவர் நாம். வழி சொல்லித் தராமல் நேரத்தை மட்டும் கேட்டவர் நாம்.

இனி, திணறுகின்ற வாலிபரையே நேரில் கேட்கின்றோம். தோழர்களே, நீங்கள் படிக்கும் தொழில் யாது? எண்ணிறந்த கொடுக்கல் வாங்கல்களைக் கண்டு வணிகன் கலங்காதிருக்கும்படி ஒழுங்கு செய்து தருவதன்றோ? அந்தக் கலையைக் கம்பெனிக்குச் செய்கிறீர்கள். உங்களுக்கு ஏன் செய்துகொள்ளவில்லை?

வெனிஸ் நகரில் 1494 இல் லூக்கா பாச்சோலி என்னும் துறவி தம் கணித நூலை அச்சிட்டபோது, அந்நகர வணிகர் முன்பே கையாண்ட கணக்கு முறையை அதில் விளக்கினார். வணிகனுக்கு மூன்று புத்தகம் வேண்டும் என்றார். முதலாவது நினைவேடு, நடந்தது நடந்தபடி, வரிசையும் அழகும் பாராமல், அதில் எழுத வேண்டும். இரண்டாவது குறிப்பேடு; அதில் ஒழுங்குபடுத்த வேண்டும். மூன்றாவது பேரேடு, அதில் தலைப்பு வாரியாகப் பிரித்து ஏற்ற வேண்டும். வணிகன் எதையும் தலையில் சுமந்து திரிய வேண்டுவதில்லை.

இதனையே நீங்களும் செய்யுங்கள் என்கின்றோம். ஒரு மாலை நூலைத் திறக்காமல், மனத்தை அழுத்தும் யாவற்றையும் ஒரு தாளில் கொட்டுங்கள். பாடம், கடன், உறவினர் கலியாணம், மருத்துவரிடம் போக வேண்டியது என எதையும் விட்டுவிடாதீர்கள். பின்னர், இந்தத் தவணைக்கு உரியது எது, உரியதல்லாதது எது என்று பிரியுங்கள். கடைசியாக ஒவ்வொன்றையும் ஒரு நாளின் பேரில் ஏற்றுங்கள். இது வெறும் உபதேசமன்று. முடியாத காரியங்கள் மனத்தில் குறுக்கிட்டுத் தொல்லை தருவதையும், அவற்றை எப்போது எப்படிச் செய்வதென்று திட்டமாக எழுதிவிட்டால் அத்தொல்லை அடங்குவதையும் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்போர் 2011 இல் சோதனையால் காட்டினர். காரியம் முடிய வேண்டுவதில்லை. அதற்கு ஓர் இடம் குறித்தாலே மனம் பிடியை விடுகின்றது.

அடுத்து, உள்ள நேரத்தை மெய்யாக எண்ணுங்கள். பரீட்சைக்கு 12 வாரம் உளதென்று வைத்துக்கொள்வோம். வேலை நாளில் ஒன்றரை மணி வீதம் ஐந்து நாளுக்கு ஏழரை மணி. சனி ஞாயிறுகளில் நான்கு மணி வீதம் எட்டு. அலைச்சலுக்கு அரை மணி தள்ளினால் வாரத்துக்கு 15 மணி. காய்ச்சலுக்கும் பண்டிகைக்கும் ஒரு வாரம் ஒதுக்கினால் எஞ்சுவது 11 வாரம், 165 மணி. 20 அத்தியாயமுள்ள ஒரு தாளுக்கு அத்தியாயத்துக்கு ஐந்து மணி வீதம் 100 மணி. மீதி 65 மணி பழைய வினாக்களை எழுதிப் பார்ப்பதற்கு. இக்கணக்கில் ஒரு தாள் அமைதியாக அடங்கும். இரண்டு தாள் அடங்காது. ஒரு தவணையில் நான்கு தாள் வரை எழுத விதி இடந்தருவது உண்மையே. உங்கள் நாள் இடந்தருகிறதா என்பதே கேள்வி. மூன்று தாளுக்குப் பணம் கட்டிவிட்டு இரவெல்லாம் திணறுபவர் கோழையல்லர்; வரவு பாராமல் செலவு எழுதியவர். அவர் தம் கட்சிக்காரர் கணக்கில் இதைக் கண்டால் சும்மா விடுவாரா?

"ஒவ்வொன்றாக எழுதினால் ஆண்டுகள் போய்விடுமே, ஏழாண்டு எல்லை ஒன்று உளதே" என்று சிலர் மறுப்பர். ஆண்டுக்கு நான்கு தவணை உள. தவணைக்கு ஒன்றாக எழுதினாலும் பதின்மூன்றும் மூன்றேகால் ஆண்டில் முடியும். இடையில் நான்கைந்து தவறினாலும் ஐந்தாண்டுக்குள் அடங்கும். மூன்று எழுதி மூன்றிலும் தவறுபவனை விட ஒன்றெழுதி ஒன்றில் தேறுபவன் முன்னால் நிற்கிறான். இது எளிய கூட்டல்.

இன்னொரு மறுப்பும் உண்டு: "இப்படி அளந்து படிப்பவன் அரைகுறைக் கணக்காளன் ஆகமாட்டானா?" நாம் சொல்வதைச் சரியாகக் கேட்க வேண்டுகின்றோம். பாடத்தில் பாதியை விட்டுவிட்டு, எந்த வினா வரும் என்று ஆரூடம் பார்க்கச் சொல்லவில்லை. வினாவை முன்கூட்டியே சொல்வதாக ஆசை காட்டும் தனிவகுப்புகளையும் நாம் வெறுக்கின்றோம். ஆனால் தணிக்கையாளர் ஒரு கம்பெனியின் ஒவ்வொரு ரசீதையும் புரட்டுவதில்லை. எது பெரிது, எங்கே பிழை நேரக்கூடும் என்று அளந்து, அங்கே கூடுதலாகவும் மற்ற இடத்தில் அளவாகவும் பார்க்கிறார். அதை அரைகுறை என்று யாரும் சொல்வதில்லை. தொழில் முறை என்றே சொல்கிறோம். எல்லா அத்தியாயத்தையும் ஓரளவுக்கு ஒருமுறை முடித்துவிட்டு, பிறகு கனமானவற்றில் ஆழ்வதே வழி. முதல் மூன்று அத்தியாயத்தைக் கல்லில் செதுக்கியதுபோல் படித்துவிட்டுக் கடைசி ஆறையும் பாராமல் போவது வழியன்று. பரீட்சை மண்டபத்திலும் இதே அளவுதான். மூன்று மணி நேரத்துக்கு 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிஷம், 20 மதிப்பெண் வினாவுக்கு 36 நிமிஷம். முப்பத்தேழாவது நிமிஷத்தில் பேனாவை எடுக்கத் தெரிந்தவனுக்கு அங்கே திணறல் குறைவு.

தவறிய தாளைப் பற்றியும் ஒரு சொல். போன செலவு போனதே, இனி எடுக்கும் முடிவில் அதனைச் சேர்த்தல் கூடாது என்பது உங்கள் பாடநூலிலேயே உள்ள விதி. அதை விடைத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியவரே, தாம் தவறிய தாளை ஓராண்டாக நெஞ்சில் சுமப்பது என்ன நீதி? நஷ்டத்தை மறைக்காமல் எழுதுங்கள். எங்கே மதிப்பெண் போயிற்றென்று பாருங்கள். அந்தத் தவணையின் கணக்கை மூடுங்கள். மூடாத ஏடு மறு ஆண்டையும் கெடுக்கும்.

ஆனால் மாணாக்கர் எவ்வளவு ஒழுங்காக ஏடு வைத்தாலும், வீடு அவரைச் சுரண்டுமாயின் ஏடு என்ன செய்யும்? ஆண்பிள்ளை படிக்கும்போது வீட்டில் தொலைக்காட்சியின் குரல் தாழ்கின்றது. அதே பரீட்சைக்குப் படிக்கும் பெண்பிள்ளை சமையலை முடித்து, பாத்திரம் கழுவி, தம்பிக்குப் பாடம் சொல்லிவிட்டுப் பத்தரை மணிக்கு நூலைத் தொடுகிறாள். மேலே சொன்ன ஒன்றரை மணி அவளுக்கு எங்கிருந்து வரும்? அவள் தவறினால், "பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு கடினமான படிப்பு" என்று சொல்லவும் நாம் வெட்கப்படுவதில்லை. இதே சங்கம் 1909 இல் எத்தெல் ஏர்ஸ் பர்டி என்னும் மாதைத் தன் உறுப்பினராக ஏற்றது. நூறாண்டுக்கு முன்னரே சங்கம் திறந்த கதவை, நம் அடுப்படி இன்னும் அடைத்து வைத்திருப்பதா?

தவறியவனைக் கண்டு ஜாதகம் புரட்டுவோரும், உறவினர் வந்தால் அவனை அறைக்குள் இருக்கச் சொல்வோரும் உளர். பிள்ளையின் தோல்வியைக் குடும்பத்தின் இழுக்காக எண்ணுவோர் ஒன்று அறியட்டும்: அந்த வெட்கமே அவன் மனத்தில் உள்ள நான்கு இடங்களில் ஒன்றைப் பிடித்துக்கொள்கின்றது. நீங்கள் அவன் கட்டணத்துக்குக் கொடுத்த வெள்ளியை உங்கள் நாவாலேயே திரும்பப் பறித்துக்கொள்கிறீர்கள்.

இதில் ஓர் எல்லை உண்டு; அதை மறைத்தல் தவறு. நாட்கணக்கில் உறக்கமும் உணவும் இன்றி, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டுமாயின், அது ஏட்டால் தீரும் திணறலன்று, நோய். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கோலாலம்பூரில் 1970 முதல் பிஃப்ரெண்டர்ஸ் என்னும் தொண்டர் சங்கம் இத்தகையோரின் குரலைத் தொலைபேசியில் கேட்டு வருகின்றது. காய்ச்சலுக்கு மருந்துண்பதில் வெட்கமில்லாத நமக்கு இதில் மட்டும் வெட்கம் ஏன்?

முடிவாக நாம் கேட்பவை மூன்று. அலுவலகத்தார், தாம் பின்னர் பெருமையோடு காட்டிக்கொள்ளப் போகும் தகுதிக்காக, பரீட்சைக்கு முந்திய நாட்களில் விடுப்பைத் தயக்கமின்றித் தர வேண்டும். வீட்டார், "எப்போது முடிப்பாய்?" என்ற கேள்வியை நிறுத்தி, "இன்று உனக்கு எத்தனை மணி வேண்டும்?" என்று கேட்டு, அதனை மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவாகத் தர வேண்டும். மாணாக்கர், ஊரார் கணக்கை எழுதப் பழகும் அதே கையால் தம் நாளின் கணக்கையும் எழுத வேண்டும். வாசகர்களுள் இப்பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ளோர், இன்று மாலையே இரண்டாவதைத் தொடங்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை, தவணையும் இல்லை.